பெரிய கோரைப் பிடித்துக்கொண்ட முருகன்

கம்ப்யூட்டர் சர்வீஸில் மாட்டிக்கொண்ட சக பாவிகளே, பழைய மெஷின்காரர் பொறுமைசாலி; புது மெஷின் வாங்கியவர் போன் செய்தால்தான் நமக்குத் தலைவலி!

பதினாறில் ஒன்று

மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் பிளாஸ்டிக் மூடி செய்யும் கம்பெனி. அங்கே அச்சு டிசைன் செய்பவர் கலைவாணி. உருகிய பிளாஸ்டிக் அச்சுக்குள் எப்படி ஓடும் என்று கணக்குப் போட, முதலாளியிடம் மல்லுக்கட்டிப் பதினாறு கோர், அதாவது பதினாறு மூளை, உள்ள பிராசசர் வாங்க வைத்தவர். கணக்கோ பழைய வேகத்தில்தான் நகர்ந்தது. சாயங்காலம் ஆர்டர் கொடுக்கும் பார்ட்டி வருவதற்குள் முடியாவிட்டால் டிசைன் வேலை சென்னைக்குப் போய்விடும். கலைவாணியின் நாற்காலியும் கூடவே போகும்.

போன் வந்ததும் போய் மென்பொருளைத் திறந்து பார்த்தேன். பழைய மெஷினின் செட்டிங்ஸை அப்படியே காப்பி செய்திருந்தார். மென்பொருள் இன்னமும் ஒரே ஒரு கோரைத்தான் கேட்டுக்கொண்டிருந்தது. பதினாறு என்று மாற்றியதும், எந்தக் கோர் எவ்வளவு உழைக்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரில் பதினாறு கட்டங்களும் எகிறின பாருங்கள், எனக்கே சிலிர்த்துவிட்டது! எட்டிப் பார்த்த முதலாளி கேட்டார்: "பதினாறு ஆள வேலைக்கு வெச்சுட்டு, ஒருத்தனுக்குத்தான் கேட்டத் தொறந்து உட்டிருக்கீங்களா?"

சாமி முன்னால்

டீ குடித்துவிட்டு வந்தால் மறுபடி ஆமை வேகம். பதினாறில் வேகமான எட்டுப் பெரிய கோர்கள் சும்மா கிடக்க, கரன்ட் மிச்சம் பிடிக்கும் எட்டுச் சின்ன கோர்கள் மட்டும் மாய்ந்துகொண்டிருந்தன. திரை முழுக்க மயிலம் முருகன் படம்! கணக்கை ஓடவிட்டதும் அதை மினிமைஸ் செய்துவிட்டுச் சாமியை முன்னால் வைப்பது கலைவாணியின் வழக்கமாம்.

முன்னால் தெரிவதுதான் அவசரம், பின்னால் போனது மெதுவாக ஆகட்டும் என்று ஆபரேட்டிங் சிஸ்டம் கணக்கைச் சின்ன கோர்களிடம் தள்ளியிருந்தது. இதைச் சொன்னதும் கலைவாணி கேட்டார்: "அப்ப பெரிய கோரெல்லாம் முருகனுக்கா ஒதுக்கி வெச்சுது, ண்ணா?"

நூறு சதவீதம்

கணக்கை முன்னால் கொண்டுவந்தேன். முருகனை மூட அவருக்குக் கை வரவில்லை. பிரின்ட் எடுத்து சிபியூ மேல் ஒட்டிய பிறகுதான் மூடினார். பெரிய கோர்கள் பாய்ந்தன. கணக்கு எண்பது, தொண்ணூறு, நூறு சதவீதம்! பார்ட்டியின் கார் கேட்டுக்குள் நுழையும்போது, அச்சு நிரம்புவது திரையில் கலர் கலராக ஓடிக்கொண்டிருந்தது. கலைவாணி துள்ளிவிட்டார், நானும்தான்.

பார்ட்டி பார்த்துவிட்டுச் சரி என்றார். அவர் போனதும் முதலாளி சிபியூவைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுச் சொன்னார்: "இந்த நாற்காலி உனுக்குத்தாம்மா, எங்கயும் போவாது. சாமிய மட்டும் ஸ்கிரீன்ல ஏத்தாத."

நம் தொழிலில் பாதி வேலை பிராசசரைத் தட்டி எழுப்புவது. மீதிப் பாதி, யார் முன்னால் நிற்பது என்று சாமிக்கும் கணக்குக்கும் பஞ்சாயத்துப் பண்ணுவது.