துபாயில் தவறிய விமானம்

காஞ்சிபுரத்திலிருந்து மீனம்பாக்கம் விமான நிலையத்துக்கு எத்தனையோ குடும்பங்களை என் காரில் கொண்டுபோய் விட்டிருக்கிறேன். பெட்டிகளை இறக்கிவைத்து, பின்னால் நிற்கும் வண்டி ஹாரன் அடிப்பதற்குள் நகர்ந்துவிடுவேன். அந்தக் கண்ணாடிக் கதவைத் தாண்டி உள்ளே போகும் நாள் எனக்குத் தலை நரைத்த பிறகுதான் வந்தது.

லண்டனில் நர்ஸாக இருக்கும் எங்கள் ஒரே மகளுக்குத் தலைப்பிரசவம். மருத்துவர் சொன்ன தேதிக்கு இரண்டு வாரம் முன்பே நாங்கள் போய்ச் சேரும்படி மருமகன் டிக்கெட் எடுத்து அனுப்பினார்.

“எம்மாந் தூரங்க அது?” என்று என் மனைவி கேட்டாள்.

“எட்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல இருக்குது. துபாய்ல எறங்கி வேற ஃபிளைட் மாறணும்.”

“நம்ம கார்ல போனா?”

“ஒரு மாசம் ஓட்டணும்.”

“அப்ப ஃபிளைட்டே போதும்” என்றாள்.

புறப்பட்ட அன்று சென்னையில் அடைமழை. விமானத்தில் ஏறி உட்கார்ந்த பிறகும் வெகுநேரம் அது கிளம்பவில்லை. துபாயில் இறங்கி, வழி கேட்டு ஓடிப்போய் நின்றபோது லண்டன் விமானம் போய்விட்டிருந்தது. கவுன்டரில் இருந்த பெண் சாயங்கால விமானத்தில் இடம் போட்டுக் கொடுத்தாள். எனக்கு மனசு ஆறவில்லை. இத்தனை வருஷத்தில் ஒரு சவாரிக்கும் என்னால் விமானம் தவறியதில்லை. இங்கும் அங்கும் நடந்துகொண்டே இருந்தேன்.

“செத்த ஒக்காருங்க. நீங்க நின்னுக்கினு இருந்தா போன ஃபிளைட்டு திரும்பி வந்துடுமா?” என்றாள் மனைவி.

பக்கத்தில் கைக்குழந்தையோடு இருந்த மலையாளப் பெண் எங்கள் போனில் இன்டர்நெட் வரவைத்தாள். வந்ததும் மருமகனின் அழைப்புகள் வரிசையாகத் தெரிந்தன. பதறிப்போய்க் கூப்பிட்டேன்.

“மாமா, அவளுக்கு விடியக்காலமே வலி வந்துடுச்சு. ஆஸ்பத்திரியிலதான் இருக்கோம். பயப்பட வேணாம்.”

பயப்படாமல் எப்படி இருப்பது? மனைவி போனை இரண்டு கையாலும் பிடித்தபடி கண்மூடி உட்கார்ந்துவிட்டாள். நான் வாங்கி வந்த டீ ஆறிப்போனது. நெடுநேரம் கழித்து வீடியோ அழைப்பு வந்தது. மகள் களைத்த முகத்தோடு சிரித்தாள். அவள் மார்பில் சிவந்து சுருங்கிய ஒரு சின்ன முகம்.

“அம்மா, நீ ஆயா ஆயிட்டமா. பொண்ணு.”

என் மனைவி அழுதாள், சிரித்தாள். பிறகு கைப்பையைத் திறந்து, மகளுக்காகச் சுட்டு எடுத்து வந்த அதிரசத்தைச் சுற்றியிருந்தவர்களுக்கெல்லாம் கொடுத்தாள். மலையாளப் பெண், தலைப்பாகை கட்டிய பெரியவர், தரை துடைத்துக்கொண்டிருந்தவர் என்று யாரையும் விடவில்லை. கவுன்டர் பெண்ணுக்கு நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

“அந்த ஃபிளைட்ல ஏறியிருந்தா இந்நேரம் வானத்துல இருந்திருப்போம். இத்தப் பாத்திருக்க முடியுமா?” என்றாள் மனைவி. அதற்குப் பிறகு அந்த விமானத்தைப் பற்றி நான் முணுமுணுக்கவில்லை.

லண்டன் வந்து சேர்ந்த மறுநாள் மகளையும் குழந்தையையும் வீட்டுக்கு அழைத்து வந்தோம். என்னை ஜன்னலோரம் உட்காரவைத்துப் பேத்தியை என் மடியில் கிடத்தினார்கள். அவள் உடனே தூங்கிவிட்டாள். சோறு ஆறுகிறது என்று மனைவி உள்ளேயிருந்து கூப்பிட்டாள். கால் மரத்துப்போயிருந்தது. அப்படியே உட்கார்ந்திருந்தேன்.