வேலை இல்லை என்று ஒரு காகிதம்

நேர்முகத் தேர்வு நடக்கும் நாட்களில் மேசையின் நடுவே ஒரு தட்டு முந்திரி பிஸ்கட் இருக்கும். அது தேர்வுக் குழுவுக்கு மட்டும். எதிரே உட்கார்ந்து பதில் சொல்பவர் பார்க்கலாம், எடுக்கக் கூடாது. இப்படி எந்த விதியும் எழுதப்பட்டிருக்கவில்லை. ஆனாலும் அம்பத்தூர் தொழிற்பேட்டையின் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் நான் பணியாளர் பிரிவு அதிகாரியாக இருந்த காலம் முழுவதும் எடுத்தவர் ஒருவர்தான். மூன்றாவது முறையாக வந்து உட்கார்ந்த லேத் பாய். “மூணு வாட்டி வந்துட்டேன் சார், ஒண்ணாவது துண்ணுட்டுப் போறேன்” என்றார்.

அவர் பதினோரு வருடமாக எங்கள் கம்பெனியிலேயே லேத் ஓட்டிய ஒப்பந்தத் தொழிலாளி. பூந்தமல்லிக்காரர். அவர் கடைந்து கொடுத்த உருப்படியை அளந்து பார்ப்பதை எங்கள் ஆய்வாளர்களே நிறுத்திவிட்டிருந்தார்கள். அப்படிப்பட்டவரை மூன்று முறை நிரந்தர வேலைக்குத் தேர்வு செய்யக் கூப்பிட்டோம், மூன்று முறையும் இல்லை என்றோம். காரணம் எளிது. ஓர் இடத்துக்குக் குறைந்தது மூன்று பேரையாவது பார்த்ததாகக் கோப்பில் இருக்க வேண்டும். யாருக்கு வேலை என்பது முன்பே முடிவாகியிருக்கும். இரண்டாவது ஆளை எப்படியாவது பிடித்துவிடுவோம். மூன்றாவது ஆள் எப்போதும் பாய். அந்தப் பெயரைக் கோப்பில் எழுதியவன் நான். தேர்வானவருக்கு மறுநாள் அதே லேத்தில் வேலை கற்றுக்கொடுப்பதும் பாய்தான்.

கேள்வி கேட்பவர் எங்கள் உற்பத்தி மேலாளர். ஏதோ ஒரு மலை வாசஸ்தலத்தில் மூன்று நாள் பயிற்சி வகுப்புக்குப் போய்விட்டு, இரண்டு கேள்விகளைச் சுமந்துகொண்டு திரும்பியிருந்தார். லேத்தில் எந்த லீவர் எதற்கு என்று அவருக்குத் தெரியாது. அதனால் அதைப் பற்றிக் கேட்கவில்லை. “இன்னும் அஞ்சு வருஷத்துல உங்களை எங்க பார்க்கறீங்க?” என்று கேட்டார்.

பாய் பிஸ்கட்டை மென்று விழுங்கினார். “இதே மிசின்லதான் சார் இர்ப்பேன். நீங்கதான் எங்க இர்ப்பீங்கன்னு தெர்ல.”

நான் குனிந்து கோப்பில் எதையோ எழுதுவதுபோல் பாவனை செய்தேன். மேலாளர் சுழியம் போட்டார். ‘மனப்பான்மை’ என்றொரு கட்டம் இருந்தது. இந்த மாதிரி வேளைகளுக்காகவே அதை அச்சடித்து வைத்திருந்தோம்.

மறுநாள் பாய் என் மேசைக்கு வந்தார். அவருடைய மச்சான் பூந்தமல்லியில் பட்டறை போட்டிருந்தார். ஒரு லேத்தை வாங்கிப் போட்டுவிட்டு, கூட்டுக்கு வா என்று இரண்டு வருடமாக அழைத்துக்கொண்டிருந்தார். பாயின் மனைவி விடவில்லை. இன்றோ நாளையோ கம்பெனியில் நிரந்தரமாகிவிடும், அவசரப்படாதே என்று தடுத்தார். மச்சானுக்கும் பொறுமை போய்விட்டது. மாதக் கடைசிக்குள் வராவிட்டால் வேறு ஆளைச் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்.

“வேலை இல்லன்னு ஒரு காயிதத்துல எழ்திக் குடுங்க சார். ஊட்ல காட்டிட்டுப் போய்க்கினே இருப்பேன்.”

“அதெல்லாம் குடுக்க முடியாது பாய். அப்படி நடைமுறை இல்ல.”

“வெளியிலேர்ந்து வந்தவனுக்கெல்லாம் குடுக்கறீங்களே.”

கொடுத்தோம்தான். வெளியாட்களுக்கு, வருந்துகிறோம் என்று நானே அழகாக வரைந்த கடிதம் போகும். உள்ளேயே உழைக்கிறவருக்குக் கிடையாது. ஒப்பந்தத் தொழிலாளியின் பெயரும் கம்பெனியின் பெயரும் ஒரே தாளில் வந்துவிட்டால், நாளை அவர் அதைத் தொழிலாளர் நீதிமன்றத்தில் நீட்டி, நான் இவர்களுடைய ஆள் என்பார். அப்படி ஒரு தாள் வெளியே போகாமல் பார்த்துக்கொள்வதற்குத்தான் எனக்குச் சம்பளம். அதில் நான் கெட்டிக்காரன் என்று பெயரும் வாங்கியிருந்தேன்.

அடுத்த வாரம் கேட்டிலிருந்து வாட்ச்மேன் போன் செய்தார். “சார், லேத் பாய் ரிஜிஸ்டர் தபால் போட்டுக்கீறாரு. இங்க வேலை செய்றவரு எதுக்கு தபால் போடறாரு? வாங்கட்டா?”

“வாங்காத. திருப்பி அனுப்பு.”

அதே காகிதத்தைத்தான் எழுத்தில் கேட்டிருப்பார். யோசிக்காமல் சொன்னேன். விதிகளையெல்லாம் கரைத்துக் குடித்தவன் செய்த வேலையைப் பாருங்கள். வாங்க மறுத்த பதிவுத் தபால், சட்டத்தின் பார்வையில், வந்து சேர்ந்த தபால்தான். வாங்கியிருந்தால் பதில் எழுதி மழுப்பியிருக்கலாம். தபால்காரர் உறையின் மேல், முகவரிதாரர் வாங்க மறுத்தார் என்று எழுதி, கையெழுத்தும் தேதியும் போட்டு, அனுப்பியவருக்கே கொண்டுபோய்க் கொடுத்தார். நான் இத்தனை வருடம் வரவிடாமல் காத்த தாளை அஞ்சல் துறை தன் முத்திரையோடு தயாரித்துக் கொடுத்துவிட்டது. கம்பெனி பெயர், அவர் பெயர், நடுவில் எங்கள் மறுப்பு.

பாய் அந்த உறையோடு வந்து நின்றார். “கோர்ட்டுக்குப் போறீங்களா?” என்றேன்.

“கோர்ட்டா?” சிரித்துவிட்டார். “ஊட்டுக்கு சார். தபாலையே வாங்க மாட்டேன்றானுங்க, வேலையா குடுக்கப் போறானுங்கன்னு அவளே சொல்லிட்டா.” அன்றே கணக்கை முடித்துக்கொண்டு போனார்.

நான் நம்பவில்லை. எதிர்வாதம், சாட்சிகள், முன்தீர்ப்புகள் என்று ஒரு தடித்த கோப்பைத் தயாரித்து, ஓய்வு பெறும்வரை பீரோவில் வைத்திருந்தேன். வழக்கு வரவேயில்லை.

போன மாதம், அயனம்பாக்கத்தில் எங்கள் குடியிருப்பின் மாடி வீட்டு மென்பொருள் பொறியாளர் முகம் வாடிக் கீழே வந்தார். ஐந்து சுற்று நேர்காணல் முடித்து, வேலை இல்லை என்று மின்னஞ்சல். “இதுக்கு யாருக்கு அங்கிள் அப்பீல் பண்ணணும்?” போனை வாங்கிப் பார்த்தேன். நான் எழுதியதைப் போலவே வழவழப்பான வருத்தம். அடியில், இந்த முகவரிக்குப் பதில் அனுப்ப வேண்டாம் என்றிருந்தது. தபாலைத் திருப்பி அனுப்ப எங்களுக்கு வாட்ச்மேன் ஒருவராவது தேவைப்பட்டார். இவர்களுக்கு அந்தச் செலவும் இல்லை. அப்பீல் கிடையாது என்று சொல்லி அனுப்பினேன். ஆறுதல் சொல்லும் நடைமுறை எனக்குத் தெரியாது.

அன்றிரவு பாயின் நினைவாகவே இருந்தது. காலையில் குடியிருப்பு மோட்டாரின் தேய்ந்த ஷாஃப்டைச் சாக்காக எடுத்துக்கொண்டு பூந்தமல்லிக்குப் போனேன். விசாரித்துப் பட்டறையைக் கண்டுபிடித்தேன். நான்கு லேத் ஓடிக்கொண்டிருந்தது. என்னை உடனே அடையாளம் கண்டு, ஸ்டூல் போட்டு, டீ வரவழைத்தார். என் சர்க்கரையைப் பற்றி விசாரித்தார், மழையைப் பற்றிப் பேசினார். கம்பெனியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. என்னால்தான் பொறுக்க முடியவில்லை.

“பாய், அந்தக் கவரை வச்சிருக்கீங்களா?”

“எந்தக் கவரு சார்?”

“நாங்க வாங்காம திருப்பி அனுப்பினமே, ரிஜிஸ்டர் தபால்.”

நெற்றியைச் சுருக்கி யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். நான் உதவிக்கு வந்தேன்: மறுக்கப்பட்ட தபாலின் சட்ட நிலை என்ன, அதை வைத்து அவர் என்னவெல்லாம் செய்திருக்கலாம், அதற்கு நான் என்ன பதில் வைத்திருந்தேன் என்று வரிசையாக விளக்கத் தொடங்கினேன்.

அவர் என் கையிலிருந்து ஷாஃப்டை வாங்கி மாட்டிவிட்டு, மெஷினைப் போட்டார்.