பவளத்துக்கு எழுபத்திரண்டு மணி நேரச் சோதனை

மகளைத் துணைக்கு வைத்துக்கொண்டு என் மனைவி சிகிச்சைக்காகப் புதுச்சேரி போன இரண்டாம் நாள், அவளுடைய கடல் தொட்டியின் விளக்கு எரியாமல் போனது. ஒன்றரை அடித் தொட்டி. உப்புநீர், இரண்டு மீன்கள், பாறையில் சட்டைப் பொத்தான் அளவில் பச்சைப் பவளங்கள். ஐந்து வருடமாக அவள் வளர்த்தவை. ஒளி இல்லாவிட்டால் செத்துவிடும். "பவளம் பத்திரம்" என்று மட்டும்தான் போகும்போது சொன்னாள்.

நெய்வேலியில் அனல்மின் நிலையத்தில் முப்பத்தாறு வருடம் இருந்தவன் நான். மூன்று எல்இடி விளக்குகளை வைத்து ஒப்பீட்டு அட்டவணை போட்டேன். வாட், நீல ஒளி, வெள்ளை ஒளி, உத்தரவாதம். எங்கள் வழக்கப்படி, தேவைக்கு மேல் திறன் உள்ளதைத் தேர்ந்தெடுத்தேன். தயாரித்தவர், சரிபார்த்தவர், ஒப்புதல் அளித்தவர் மூன்றும் நானே.

விளக்கு விற்கும் மீன்தொட்டிக் கடைக்காரர் போனில் தயங்கினார். "சார், உங்க தொட்டிக்குச் சின்னதே போதுங்க. இதுதான் வேணும்னா இருபது சதவீதத்துல ஆரம்பிங்க. வாரத்துக்குக் கொஞ்சமா ஏத்துங்க. திடீர்னு வெளிச்சம் அடிச்சா பவளம் தாங்காதுங்க."

"நாங்க ஊருக்கே வெளிச்சம் குடுத்தவங்க, தம்பி."

"ஊரு ஸ்விட்ச் போட்டா எரிஞ்சிடும் சார். இது அப்பிடி இல்லீங்க."

நிலையத்தில் புதிய இயந்திரத்தை எழுபத்திரண்டு மணி நேரம் முழுச் சுமையில் ஓட்டிப் பார்த்த பிறகே ஏற்றுக்கொள்வோம். விளக்கையும் அப்படியே ஓட்டினேன், நூறு சதவீதத்தில், இரவு பகலாக. மணிக்கொரு தடவை அதன் சூட்டைக் குறித்துவைத்தேன். விளக்கு ஒரு குறையுமின்றித் தேறியது. நான்காம் நாள் பவளம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

அடுத்த வாரம் அவளை அழைத்துவரப் போனேன். இனி மருந்தால் பயனில்லை, மூன்று மாதம் என்று மருத்துவர் அவளையும் உட்காரவைத்தே சொன்னார். கார் குறிஞ்சிப்பாடி, வடலூர் எல்லாம் தாண்டியும் தொட்டியைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை.

வந்ததும் தொட்டிக்கு முன்னால் நாற்காலி போடச் சொன்னாள். வெகுநேரம் பார்த்தாள்.

"ட்ரையல் ரன் விட்டீங்களா?"

"ஆமா."

"ரிப்போர்ட் எழுதினீங்களா?" என்று சிரித்தாள். சிரிப்பு இருமலானது.

இன்னும் சாகவில்லை, குறைந்த ஒளியில் வைத்தால் பச்சை திரும்புமாம் என்றேன்.

"எத்தனை நாளாகும்?"

ஆறு மாதமாவது ஆகும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். "தெரியல" என்றேன்.

"உங்களுக்கா தெரியாது?" என்றாள். சற்றுக் கழித்து, "சரி விடுங்க. பச்சை வந்தா நீங்க பாருங்க."

விளக்கைக் குறைக்கப்போவதுபோல் எழுந்தேன். அது ஏற்கெனவே குறைத்துத்தான் இருந்தது.