திண்டுக்குப் பின்னால் இருந்த மண்

அண்ணன் மறைந்து ஓராண்டு நிறையும் இந்நாளில் வந்திருக்கும் சொந்தபந்தங்களுக்குத் தங்கையின் வணக்கம். எழுத்து நானாகக் கூட்டிப் படித்தது. பேசுகிறபடிதான் எழுத வரும்.

அண்ணன் பிறந்தது ஆனையூரில். சிறு வயதிலேயே தகப்பனை இழந்து, கஷ்டத்தில் படித்து ஓவர்சியர் ஆனார். ஆழக்குழி தோண்டினால், மண்சுவர் சரியாமல் பலகை வைத்துச் சாய்வாக முட்டுக் கொடுப்பார்கள். முட்டின் கால் ஊன்றக் குழிக்குள்ளே கான்கிரீட் திண்டு வேண்டும். அதற்கு அளவு போடுவதில் அண்ணன் கெட்டிக்காரர். “திண்டா தாங்குது? அதுக்குப் பின்னால இருக்கிற மண்ணுதேன் தாங்குது” என்பார்.

வைகைக் கரையில் ஒரு மில்லுக்குத் தண்ணீர்த்தொட்டி கட்டக் குழி தோண்டினார்கள். திண்டு அண்ணன் போட்ட கணக்கு. மண்வேலைக்கு மேஸ்திரி என் வீட்டுக்காரர். ஊற்று கிளம்பி, மண் சுமக்கும் பெண்கள் முழங்கால் தண்ணீரில் நின்றார்கள். பார்க்கப் பொறுக்காமல், நீரை வடித்து இறைக்க அவர் ஒரு பள்ளம் வெட்டினார். வெட்டியது திண்டுக்கு நேர் பின்னால். திண்டு நழுவியது, முட்டு சாய்ந்தது, கரை அவர்மேல் விழுந்தது.

கருமாதி வீட்டில் என் சின்ன மாமனார் எல்லோர் முன்னும் கேட்டார்: “என்ன மாப்ள, தங்கச்சி தாலியைத் தாங்குற அளவுக்குக்கூட திண்டு போட வரலையாக்கும்?”

அண்ணன் குரல் உயர்த்தவில்லை. “திண்டுல கொறையில்ல மாமா. பின்னால இருந்த மண்ணை எடுத்தது ஒங்க பிள்ளை. தன் சாவைத் தானே தோண்டிக்கிட்டாரு.”

விழுந்த இடத்தை முதலில் வந்து பார்த்திருந்த அண்ணன், விசாரிக்க வந்த மில் துரையிடமும் அதையே சொல்லியிருந்தார்; துரையும் அப்படியே எழுதிக்கொண்டார். அண்ணன் வேலை போகாமல் தப்பியது. அறிவுகெட்டவன் பெண்டாட்டி என்று என்னைப் புகுந்த வீட்டில் வைத்துக்கொள்ளவில்லை. அண்ணன்தான் கூட்டிவந்து சோறு போட்டார். அந்தச் சோற்றில் ஒருநாளும் குறை வைத்ததில்லை. ஆனால் விருந்தாளி யார் வந்தாலும் இலையில் சோற்றைக் குவித்து, டம்ளரை அதன்மேல் சாய்த்து, “இதேன் திண்டு, சோறுதேன் மண்ணு” என்பார். பிறகு சோற்றை வழித்தெடுப்பார். டம்ளர் விழும். பரிமாறிக்கொண்டு நிற்பது நான்.

கடைசியில் வாதம் வந்து படுத்தார். கஞ்சி புகட்டியதும் நான்தான். ஒருநாள் கேட்டார்: “அன்னைக்கு நான் சொன்னது சரிதேன?”

“சரிதேண்ணே. ஒங்க திண்டுக்கு ஒண்ணும் ஆகல. எனக்குப் பின்னால இருந்த மண்ணைத்தேன் எடுத்துட்டீக.”

அதற்குப் பிறகு அவர் வாய் திறக்கவில்லை, கஞ்சிக்கும்.

நோயில் உதவிய வைத்தியருக்கும், பாடை தூக்கிய பங்காளிகளுக்கும் நன்றி. இன்னொரு நன்றியும் பாக்கி இருக்கிறது. என் வீட்டுக்காரரை மண்ணுக்குள்ளிருந்து எடுத்ததும், அவர் பேர் கெடக்கூடாதென்று துரை வருமுன்னே அந்தப் பள்ளத்தை மூடிவிட்டு, யார் கேட்டும் வாய் திறக்காமல் நின்ற அந்தக் கூலிக்காரப் பெண்களுக்கு.