நடக்கும் முன்பே நடந்துவிட்ட விழா

மாவட்டக் கல்வி அலுவலகத்தில் அவளை எல்லோரும் வெள்ளிக்கிழமை என்றுதான் கூப்பிடுவார்கள். வாராவாரம் வெள்ளி மாலை ஆறு மணிக்கு, மாவட்டத்துப் பள்ளிகளில் வேலை பார்க்கும் அத்தனை பேருடைய போனிலும் டிங் என்று ஒரு மடல் வந்து விழும். மேல்பாதியில் ‘நம் செய்திகள்’, கீழ்ப்பாதியில் ‘வரும் நிகழ்வுகள்’. ஆசிரியர், எழுத்தர், ஓட்டுநர், கழிவறை கழுவுகிறவர் என்று ஒருவர் பாக்கியில்லாமல் வரும். அதைத் தயாரிப்பவள் அவள் என்பதால் யாரோ கிண்டலாக வைத்த பெயர். இயக்குநரே ஒருநாள் “அந்த வெள்ளிக்கிழமையைக் கூப்பிடுங்க” என்று சொல்லிவிட, அதற்கப்புறம் கிண்டல் போய்விட்டது, பெயர் தங்கிவிட்டது.

வேலை என்னவென்று கேட்டால், பூசி மெழுகுவது. குழாயில் தண்ணீர் வராத பள்ளி அவள் கைக்கு வந்தால் ‘நீர்ச் சிக்கனத்தில் முன்னோடி’ ஆகிவிடும். கணக்குக்கும் அறிவியலுக்கும் ஒரே ஆளை ஓடவிட்டால் அது ‘பன்முகத் திறமை’. கழிவறைக் கதவு கழன்று விழுந்து ஒரு மாதம் ஆன பள்ளியைப் பற்றி ‘காற்றோட்டமான வளாகம்’ என்று எழுதச் சொன்னார்கள். எழுதினாள். எழுதிவிட்டுப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். சேர்ந்த புதிதில், போகப்போகப் பழகிவிடும் என்று ஆறுதல் சொன்னவர்கள் உண்டு. வேலை பழகவில்லை, குமட்டல்தான் பழகியது.

இயக்குநர் வியாழக்கிழமை மதியம் மடலைப் பார்த்து ஒப்புதல் தருவார். பார்ப்பது என்றால் தன் படத்தைப் பார்ப்பது. நடுவில் நிற்கிறோமா, தாடை சரியாக விழுந்திருக்கிறதா, பக்கத்தில் நிற்பவன் தன்னைவிட உயரமாகத் தெரிகிறானா, அவ்வளவுதான். “இதுல கன்னம் கொஞ்சம் உப்பலா இருக்கு, வேற போடுங்க” என்பார். வேறு போட்டால் கையெழுத்து விழும். கீழே இருக்கும் எழுத்தை அவர் ஒருநாளும் படித்ததில்லை என்பது அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும், அவரைத் தவிர.

இதைவிடக் கேவலமான வழக்கம் ஒன்று இருந்தது. வெள்ளிக்கிழமை மாலை நடக்கும் விழாவின் செய்தி அன்றைக்கே ஆறு மணிக்குப் போய்விட வேண்டும், சூடு ஆறக் கூடாது என்பது இயக்குநரின் உத்தரவு. ஆகவே நடக்கப்போகும் விழாவை வியாழக்கிழமையே நடந்து முடிந்ததாக எழுதி வைத்துவிடுவாள். கணினி தானாக அனுப்பிவிடும். ஒரு வருடம் மழை கொட்டி விளையாட்டு விழா ரத்தாகிவிட்டது. மடலில் மட்டும் ஓட்டப் பந்தயம் நடந்து, பரிசும் கொடுத்தாகிவிட்டது. யாராவது சண்டைக்கு வருவார்கள் என்று பயந்துகொண்டிருந்தாள். ‘வென்ற’ பள்ளியின் தலைமையாசிரியர் போன் பண்ணி நன்றி சொன்னார்.

வீட்டில் இந்த மடலுக்கு மரியாதை கிடையாது. அவள் கணவனின் அக்கா அவர்களோடுதான் இருந்தாள். பள்ளிப் பேருந்தில் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் உதவியாளர் வேலை. காலையில் ஒரு நடை, மாலையில் ஒரு நடை, நடுவில் எவனாவது ஒரு பொடியன் காலையில் தின்றதை அப்படியே மடியில் கக்குவான். வீட்டுக்கு வந்ததும் நேரே குளியலறைக்குத்தான் போவாள். நாத்தனாருக்கு அதில் அருவருப்பே கிடையாது. ஆனால் மடல் வந்த போனை மட்டும் இரண்டு விரலால் பிடித்துத் தள்ளி வைப்பாள்.

“பிள்ளைங்க வாந்தி எடுத்தா ஒரு வாளித் தண்ணியில கழுவிடலாம். உன் மடலை எதைப் போட்டும்மா கழுவுறது?”

“என்னக்கா பண்றது, சோறு போடுற வேலை” என்பாள் வெள்ளிக்கிழமை. வேறு என்ன சொல்ல முடியும். அவளும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

நாத்தனாருக்கு ஒரே ஒரு குறை, பேருந்தின் படி. கீழ்ப்படி துருப்பிடித்து உதிர்ந்து எத்தனையோ காலமாயிற்று. மேல்படி ஆள் முட்டி உயரத்தில் இருக்கும். சின்னப் பிள்ளைகள் முழங்காலை ஊன்றி, புத்தகப் பையோடு தவழ்ந்துதான் ஏறும். போன வருடம் ஒரு சின்னப் பெண் வழுக்கி விழுந்து மோவாய் கிழிந்துவிட்டது. ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை நாத்தனார் தன் துண்டை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டே போனாள். அன்றிலிருந்து கேட்காத ஆள் இல்லை. பணிமனையில் கேட்டாள், அலுவலகத்தில் கேட்டாள். எல்லோரும் ஒரே குரலில் “பார்க்கலாம்மா” என்றார்கள். ஒரு ஆளும் வந்து பார்க்கவில்லை.

இந்த நிலையில்தான் நாத்தனார் ஓய்வு பெறும் நாள் வந்தது. ஓய்வு பெறுகிறவர்களுக்கெல்லாம் சேர்த்து ஒரு வெள்ளிக்கிழமை விழா. ஆளுக்கொரு கேடயம், மைக்கில் ஒரு நிமிடம். அந்த ஒரு நிமிடத்துக்காக நாத்தனார் வீட்டில் கரண்டியை மைக்காகப் பிடித்து ஒத்திகை பார்த்தாள்.

“ஒரு நிமிஷத்துல முடிச்சிடுவியாக்கா?” என்று தம்பி கிண்டல் செய்தான்.

“படியைப் போடுங்கன்னு சொல்ல எதுக்குடா ஒரு நிமிஷம்? தனியாக் கேட்டாப் பார்க்கலாம்ங்கிறாங்க. அத்தனை பேரையும் வச்சுக்கிட்டுக் கேட்டா என்ன சொல்லுவாங்கன்னு பார்க்கிறேன்.”

இது வெள்ளிக்கிழமையின் காது கேட்கச் சொன்னது. ஆனாலும் வியாழக்கிழமை அலுவலகத்தில் உட்கார்ந்தபோது அவள் விரல்கள் பழைய தடத்திலேயே ஓடின. ஓய்வு பெறுகிறவர் என்றால் கண் கலங்க வேண்டும், குரல் தழுதழுக்க வேண்டும், இயக்குநருக்கு நன்றி சொல்ல வேண்டும். வருடாவருடம் அதே வாக்கியம்தான். நாத்தனார் ஆயிற்றே என்று பாசத்தில் ஒரு வரி கூடுதலாக வேறு சேர்த்தாள்: ‘பேருந்து உதவியாளர் மேடையேறி, ஆனந்தக் கண்ணீருடன் இயக்குநருக்கு நன்றி கூறியபோது அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது.’ யாரும் அவளை மிரட்டவில்லை. படியைப் பற்றி எழுதியிருந்தால்கூட இயக்குநர் படித்திருக்கப் போவதில்லை. அப்படியிருந்தும் எழுதினாள்.

மறுநாள் விழாவில் இயக்குநர் ஒன்றேகால் மணி நேரம் பேசினார். எளிமையைப் பற்றி. பிறகு தலைமையாசிரியர்களுக்குக் கேடயம், ஆசிரியர்களுக்குக் கேடயம், ஒவ்வொன்றுக்கும் மூன்று படம். ஓட்டுநர்கள், துப்புரவுப் பணியாளர்கள், உதவியாளர்கள் எல்லாம் மேடையின் ஓரப் படிக்கட்டில் வரிசையாக நிறுத்தி வைக்கப்பட்டிருந்தார்கள். நாத்தனார் முதல் ஆள். புதுச் செருப்பு கடித்ததால் கால் மாற்றி மாற்றி நின்றாள். உதடு மட்டும் அசைந்துகொண்டே இருந்தது. பின் வரிசையில் உட்கார்ந்திருந்த வெள்ளிக்கிழமைக்கு அது தெரிந்தது.

அப்போது மணி ஆறு.

அரங்கம் முழுக்க டிங், டிங், டிங் என்று போன்கள் ஒலித்தன. எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். முன் வரிசையில் ஒருவர் சிரித்தார். பக்கத்தில் இருந்தவரிடம் காட்டினார். இரண்டு பேரும் ஓரப் படிக்கட்டைப் பார்த்தார்கள். இன்னும் மேடையே ஏறாத பெண் மடலில் அழுது முடித்துவிட்டிருந்தாள்.

இயக்குநரின் உதவியாளன் ஒட்டடைக்குச்சி ஓடிவந்தான். ஆள் அவ்வளவு உயரம், அவ்வளவு ஒல்லி. “மண்டபத்தைக் காலி பண்ணணுமாம். மீதிப் பேர் கேடயத்தை ஆபீஸ்ல வந்து வாங்கிக்கங்க. எல்லாம் மடல்ல வந்துடுச்சு, ஒண்ணும் விட்டுப் போகலை” என்று சொல்லிவிட்டு மைக்கை அணைத்தான். சுருக்கமாக முடித்ததற்கு முன் வரிசையில் கைதட்டினார்கள்.

மீதிக் கேடயங்கள் ஒரு அட்டைப் பெட்டியில் அலுவலகத்துக்குத் திரும்பின. மறுநாளே அந்தப் பெட்டியின் மேல் யாரோ டீ டம்ளரை வைத்திருந்தார்கள். அடியில் வட்டமாகக் கறை.

நாத்தனார் வீட்டில் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. இரண்டு நாள் கழித்துத் தட்டைக் கழுவிக்கொண்டே, திரும்பாமல் கேட்டாள். “நான் அழுதேன்னு எழுதியிருக்கியே, எதுக்கு அழுதேன்னாவது தெரியுமா?”

இத்தனை காலம் அந்த இயக்குநரைப் பார்த்து, ஒட்டடைக்குச்சியைப் பார்த்து, கைதட்டுகிற கூட்டத்தைப் பார்த்து முகம் சுளித்த வெள்ளிக்கிழமைக்கு, இப்போது தன் விரல்களைப் பார்க்கவே சகிக்கவில்லை. அந்த அம்மா வாயைத் திறப்பதற்கு முன்பே அந்த வாயில் நன்றியைத் திணித்தது இந்த விரல்கள்தான்.

அடுத்த வியாழக்கிழமை ‘வரும் நிகழ்வுகள்’ பகுதியில் அவள் ஒன்றைச் சேர்த்தாள். ‘புதன்கிழமை காலை பத்து மணி. பள்ளிப் பேருந்துகளுக்குப் பொருத்தப்பட்ட புதிய படிகளை இயக்குநர் திறந்து வைக்கிறார். இடம்: பேருந்துப் பணிமனை. அனைவரும் வருக.’ மேலே இயக்குநரின் படம் ஒன்று, சிரித்த முகம், தாடை கச்சிதமாக விழுந்தது.

மேசையில் வைத்துவிட்டு நின்றாள். அவர் படத்தை எட்ட வைத்துப் பார்த்தார், கிட்ட வைத்துப் பார்த்தார்.

“இது எப்ப எடுத்தது? நல்லா இருக்கே” என்றார். கையெழுத்து விழுந்தது.

திங்கட்கிழமை காலை ஒட்டடைக்குச்சி மூச்சிரைக்க வந்து நின்றான். “என்ன படி? எந்தப் படி? யாரு சொன்னா?”

“ஐயா கையெழுத்துப் போட்டிருக்காரே” என்று தாளைக் காட்டினாள்.

அவனுக்கு வியர்த்துவிட்டது. அதற்குள் நாலைந்து தலைமையாசிரியர்கள் வருவதாகச் சொல்லிவிட்டார்கள். ஆசிரியர்கள் வழியாகக் கேள்விப்பட்ட பெற்றோர்கள் போனில் வாழ்த்துச் சொன்னார்கள். மறுப்புப் போடலாம் என்றால், படிக்காமல் கையெழுத்துப் போட்டேன் என்று இயக்குநர் ஒத்துக்கொள்ள வேண்டும். உள்ளே அவளைக் கூப்பிட்டார்கள். வேலை போனாலும் போகட்டும் என்றுதான் போனாள். இயக்குநர் கொஞ்ச நேரம் அவளையே பார்த்தார். அந்த முகத்தில் கோபம் வரும் என்று காத்திருந்தாள். வந்தது கணக்கு. ஒரு கணக்குப் போட்டு, அது சரியாக வந்த முகம்.

“ரிப்பன் என்ன கலர்?” என்றார்.

அவளுக்கு அந்த இடத்திலேயே வாந்தி வந்துவிடும் போலிருந்தது.

இத்தனை வருடமாகப் பார்க்க முடியாத வேலையை இரண்டே நாளில் பார்த்து முடித்தார்கள். புதன்கிழமை பணிமனையில் ஒரு பேருந்து கழுவித் துடைத்து நின்றது. தரைக்கு ஒரு சாண் உயரத்தில் புதுப் படி, பெயிண்ட் வாசனை இன்னும் போகவில்லை. மற்றப் பேருந்துகள் ஒன்றும் கண்ணில் படவில்லை. அவற்றின் முன்னால் இயக்குநர் சிரிக்கும் பெரிய பேனர் ஒன்றைக் கட்டியிருந்தார்கள். அதன் அடியில் சக்கரங்கள் மட்டும் தெரிந்தன.

இயக்குநர் ரிப்பனை வெட்டினார். படியில் ஒரு காலை வைத்து, படம் எடுக்கும்வரை அப்படியே நின்றார். இது தன் நீண்ட நாள் கனவு என்றார். சின்னஞ்சிறு பிள்ளைகள் தவழ்ந்து ஏறுவதைப் பார்த்துத் தூக்கம் வராமல் தவித்ததாகச் சொன்னார். அன்றுவரை எந்தப் பேருந்தின் பக்கமும் அவர் போனதே இல்லை. கூட்டம் கைதட்டியது. வெள்ளிக்கிழமை கையைக் கட்டிக்கொண்டாள்.

நாத்தனாரும் வந்திருந்தாள். யாரோ அவளைச் சுட்டிக்காட்ட, இயக்குநருக்குப் பெருந்தன்மை பொங்கியது. அவரே மைக்கை நீட்டினார். “அம்மா, நம்ம பழைய ஊழியர். உங்க மனசுல இருக்கிறதைச் சொல்லுங்க.” படம் எடுப்பவன் கிட்டே வந்தான். கண்ணீருக்காகக் காத்திருந்தான்.

நாத்தனார் மைக்கைக் கரண்டியைப் பிடிப்பது போலவே பிடித்தாள். புதுப் படியைப் பார்த்தாள். குனிந்து, பேனருக்கு அடியில் தெரிந்த சக்கரங்களைப் பார்த்தாள்.

“இது நல்லா இருக்கு. மத்த பஸ்ஸுக்கெல்லாம் எப்போங்க?”

“விரைவில், விரைவில்” என்றார் இயக்குநர், பல்லெல்லாம் தெரிய. ஒட்டடைக்குச்சி மைக்கை அணைத்துவிட்டான். ஆனால் கேட்டது எல்லோருக்கும் கேட்டுவிட்டது. ஓட்டுநர்கள் நின்ற பக்கம் சின்னதாக ஒரு சலசலப்பு. இரண்டு மூன்று பேர் பேனரைத் தூக்கி எட்டிப் பார்த்தார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை மாலை அவள் சீக்கிரமே வீட்டுக்கு வந்துவிட்டாள். நாத்தனார் கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஆறு மணிக்கு டிங் என்றது. நாத்தனார் போனை எடுத்தாள், இந்தத் தடவை முழுக் கையால். மேல்பாதியை உதட்டைச் சுழித்துக்கொண்டு தள்ளினாள். கனவு, தவிப்பு, தூக்கமின்மை எல்லாம் அதில் இருந்தன. கீழ்ப்பாதிக்கு வந்ததும் நின்றாள். அடுத்த புதன்கிழமை இரண்டாவது பேருந்தின் படியை இயக்குநர் திறந்து வைக்கிறார். அதற்கடுத்த புதன் மூன்றாவது.

நாத்தனார் போனைத் திருப்பிக் காட்டினாள்.

“அந்த ஆளு மூஞ்சியை இவ்வளவு பெருசாப் போடணுமா? பார்க்கவே குமட்டுது.”

“அதைப் பெருசாப் போட்டாத்தான்க்கா அவரு கீழ இருக்கிறதைப் படிக்க மாட்டாரு.”

நாத்தனார் ஒரு துணியை எடுத்து உதறினாள். மடித்தாள். மடித்ததை மேலே வைத்தாள்.

“அப்ப அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம் பெருசாப் போடு.”