சிவப்புக் கோடு விழுந்த கிராபிக்ஸ் கார்டு

கள்ளிக்குப்பம் வசந்தகுமாரிக்கு நிஜத்தில் சைக்கிள்கூட ஓட்ட வராது. ஆனால் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் ரேஸ் காரை முந்நூறு கிலோமீட்டர் வேகத்தில் விரட்டுவார். மகள் படிப்புக்கென்று ஏழு வருடத்துக்கு முன் வாங்கிய கம்ப்யூட்டர் அது. மகள் கல்யாணமாகிக் கோயம்புத்தூர் போனதும் அம்மா பிடித்துக்கொண்டார்.

ஆவடியில், ராணுவ வண்டிகளுக்கு உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலையில் அவர் தரம் பார்க்கும் இன்ஸ்பெக்டர். இருபத்தொன்பது வருட சர்வீஸில் அவர் தள்ளுபடி செய்த பாகம் ஒன்றுகூடப் பிறகு நல்லது என்று ஆனதில்லை. இதைச் சொல்லிக்கொள்ள அவர் ஒருநாளும் கூச்சப்பட்டதில்லை. தள்ளிய பாகத்தின்மேல் அந்த நிமிடமே சிவப்புப் பெயிண்டில் ஒரு கோடு இழுத்துவிடுவார். இல்லாவிட்டால் யாராவது நைசாக அதை நல்ல பாகங்களோடு சேர்த்துவிடுவார்கள். அங்கே இருக்கிற புண்ணியவான்களை அவருக்குத் தெரியும்.

போன மாதம் அம்பத்தூரில் யூசுப் கடையில் ஒரு புது கிராபிக்ஸ் கார்டு வாங்கினார். கடைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தபோது கார் வழுக்கிக்கொண்டு ஓடியது. வீட்டில் மாட்டினால், இருபது கார் மொத்தமாகத் திரும்பும் வளைவில் படம் திக்கித் திக்கி நின்றது.

கணவர் சண்முகசுந்தரம் பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல் சொன்னார்: "ப்ராசசர் பழசாச்சே வசந்தா. அத்த மாத்திப் பாக்கலாமே."

"அது நான் பாத்து எடுத்தது. அதுல இன்னா கொறை? நீங்க பேப்பரப் படிங்க."

கார்டைக் கழற்றினார். பழகிய கை சும்மா இருக்குமா? மகள் விட்டுப்போன நெயில் பாலிஷை எடுத்துப் புத்தம்புதுக் கார்டின் முதுகில் சிவப்பாக ஒரு கோடு இழுத்தது. பிறகு யூசுப்பைப் போனில் கூப்பிட்டுத் திட்டித் தீர்த்தார். அதோடு விட்டாரா? மறுநாள் டீ நேரத்தில் செக்‌ஷன் முழுக்கக் கேட்கும்படி, "யூசுப் கடைப் பக்கம் போவாதீங்க, எல்லாம் டப்பா சரக்கு" என்று அறிவித்தார். யூசுப்பிடம் ஆர்டர் கொடுத்திருந்த இரண்டு பேர் அன்றைக்கே வேண்டாம் என்றுவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை யூசுப்பே வீட்டுக்கு வந்தான். கார்டைப் புரட்டிப் பார்த்தவன், "இன்னாக்கா, பூஜை போட்டு பொட்டு வெச்சீங்களா?" என்றான்.

"ரிஜக்ட்."

அவன் கார்டை மாட்டி ஆட்டத்தை ஓடவிட்டான். திரை ஓரத்தில் எண்கள் வந்தன. ப்ராசசர் நூறு சதவீத வேலையில் மூச்சு வாங்கியது. கார்டு நாற்பதில் நின்றது.

"கார்டு சும்மா குந்திகினு கீதுக்கா. ப்ராசசர் கணக்குப் போட்டுக் குடுத்தாத்தானே அது படம் போடும்?"

"அந்த மீட்டர நம்ப முடியாது."

"சரி, படத்தோட தரத்த அடிமட்டத்துக்குக் கொறைக்கிறேன். கார்டுக்கு வேல கம்மியாயிடும். தப்பு அதுமேலன்னா இப்போ வேகம் ஏறணும்ல?"

படம் சாயம் போன லுங்கி மாதிரி ஆனது. வேகம் துளிக்கூட ஏறவில்லை. வசந்தகுமாரி தன் கையாலேயே மூன்று முறை செய்து பார்த்தார். மூன்று முறையும் அதே கதைதான். சோதனையில் ஓட்டை எதையும் அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"அப்போ அன்னிக்கு நான் பாஸ் பண்ணது சொத்தையா?" என்று கேட்டபோது குரல் இறங்கிவிட்டது.

"இல்லக்கா. அன்னிக்கு அது நல்ல சரக்குதான். இப்போ ஆட்டம் பெருசாயிடுச்சு."

கேட்க ஆறுதலாகத்தான் இருந்தது. ஆனால் போய்விட்ட இரண்டு ஆர்டரைப் பற்றி யூசுப் வாயே திறக்கவில்லை. திறந்திருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை சண்டையாவது போட்டிருக்கலாம். காபியைக் குடித்துவிட்டு அவன் பேசாமல் போனது அவரைப் பிடுங்கித் தின்றது.

இருபத்தொன்பது வருடக் கணக்கில் ஒரு கறை கிடையாது. வாயை மூடிக்கொண்டிருந்தால் தொழிற்சாலையில் யாருக்கும் தெரியப்போவதும் இல்லை. அதற்காக ஒருவன் பிழைப்பில் மண்ணைப் போடுவதா?

திங்கட்கிழமை டீ நேரத்தில் எழுந்து நின்றார். "யூசுப் கடை கார்டு நல்ல கார்டு. ப்ராசசர்தான் பழசு. நான்தான் தப்பா ரிஜக்ட் பண்ட்டேன்."

அவரிடம் அதிகச் சிவப்புக் கோடு வாங்கியவர் ஃபிட்டர் ஜானகிராமன். அவர் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுக் காதில் கையை வைத்தார்.

"மெஷின் சத்தத்துல கேக்கலம்மா. இன்னொரு தபா சொல்லுங்க."

மெஷின்களெல்லாம் நின்று பத்து நிமிடம் ஆகியிருந்தது. அது வசந்தகுமாரிக்கும் தெரியும். தொண்டையைச் செருமிக்கொண்டு இன்னும் உரக்கச் சொன்னார், இந்த முறை யூசுப் கடை போன் நம்பரோடு.