எந்த மாசத்து ஏரி?

மூன்றாம் வகுப்புப் பாடப்புத்தகத்தின் பன்னிரண்டாம் பக்கத்தில் எங்கள் ஏரி நீல நிறத்தில் இருந்தது. வருடம் முந்நூற்று அறுபத்தைந்து நாளும் ஒரே நீலம். அதை அச்சடித்தவன் கையில் கிடைத்தால் காதைத் திருகிவிடுவேன் என்று டோரித்சா டீச்சர் ஒவ்வொரு செப்டம்பரிலும் சபதம் எடுப்பார். அவர் சொல்வதிலும் நியாயம் இருந்தது. எங்கள் செர்க்நிட்சா ஏரி மழை கொட்டினால் அடியில் உள்ள துளைகள் வழியாகப் பொங்கி வரும், வெயில் காய்ந்தால் அதே துளைகள் வழியாகப் பூமிக்குள் போய்விடும். ஏப்ரலில் தூண்டில் போட்ட இடத்தில் ஆகஸ்டில் புல் அறுப்போம். படகை எங்கே தூக்கிக்கொண்டு அலைவது? புல்வெளியிலேயே கவிழ்த்துப் போட்டுவிட்டு, அதைச் சுற்றி அறுத்துக்கொண்டு போவோம்.

டீச்சர் பிறந்தது ஏரிக்கு அக்கரையில். பள்ளிக்கூடத்துக்கு வசந்தத்தில் படகில் வந்தார், கோடையில் நடந்து வந்தார், சனவரியில் உறைந்த நீர்மேல் சறுக்கிக்கொண்டு வந்தார். ஒரே பாதை, தாமதமாக வந்ததற்குச் சொல்ல மட்டும் மூன்று காரணம். வளர்ந்து அதே டோல்னிக் பள்ளிக்கூடத்துக்கு டீச்சராக வந்தார். குள்ளம், நல்ல கனம், மூன்று தெரு தாண்டிக் கேட்கும் குரல். கணவர் லோய்ஸே மர அறுப்பு ஆலையில் வேலை. ஆலைச் சத்தத்தில் காது போனவர் என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். கல்யாணத்தில் போனது என்று எங்களுக்குத் தெரியும்.

இருபத்தாறு வருடமாக அவருக்கு மூன்றாம் வகுப்புதான். ஊரையும் மலையையும் மண்ணையும் பிள்ளைகளுக்குச் சொல்லித் தரும் வகுப்பு அதுதான், அதை விட்டுவிட்டு நான்காம் வகுப்புக்குப் போகச் சொன்னால் எரிந்து விழுவார். சுண்ணாம்புக்கல் என்றால் என்ன என்று எழுதிப்போட மாட்டார், நக்கிப் பார்க்கச் சொல்வார். காட்டைப் பற்றிப் பாடம் என்றால் கரடி முதுகு சொறிந்த மரத்தைத் தேடிப் போகவேண்டும். வரலாறு இன்னும் மோசம். அந்தக் காலத்தில் மீனெல்லாம் கோட்டைப் பிரபுவுக்குச் சொந்தம். ஏரி வற்றி, கோயில் மணி அடித்த பிறகுதான் மிச்சமீதிக்கு ஊர் சனம் கூடையோடு ஓடலாம். இதை நடத்தும் நாளில் பிரபுவாக ஒரு பிள்ளை நாற்காலியில் உட்காரும், மற்றதெல்லாம் கூடையோடு ஓடும். பக்கத்து வகுப்பு அன்றைக்குக் கணக்குப் போடுவதை மறந்துவிடும்.

வினை வந்தது மாவட்டத் தேர்வில். 'ஏரியின் பரப்பளவு என்ன?' என்று வினாத்தாளில் ஒரு கேள்வி. டோல்னிக் பிள்ளைகள் அத்தனை பேரும் ஒரே பதிலைத்தான் எழுதியிருந்தார்கள்: 'எந்த மாசம்?' 'ஏரிக்கரை மக்களின் தொழில் என்ன?' என்றதற்கு, 'தண்ணி இருக்கிறதைப் பொறுத்து.' எங்கள் பள்ளிக்கூடம் மாவட்டத்திலேயே கடைசி. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள், ஆனால் மதிப்பெண் போடுகிறவன் ஏட்டைத்தானே பார்க்கிறான்! ஒரு கடிதம் வந்தது. கல்வி அதிகாரி வித்மார் நேரில் வந்து பார்ப்பார், அவருக்குத் திருப்தி இல்லையென்றால் மூன்றாம் வகுப்பு வேறொருவருக்குப் போகும், டோரித்சா டீச்சர் நகரத்துப் பள்ளியின் புத்தக அறையில் உட்கார்ந்து அட்டை போடுவார்.

அட்டை போடுவதா! கடிதத்தைப் படித்த அன்று டீச்சர் சாப்பிடவில்லை. தன் கண்ணில் பட்ட ஒரே அதிசயம் அதுதான் என்று லோய்ஸே பிறகு சொன்னார்.

வித்மார் செப்டம்பர் கடைசியில் வந்தார். ஒல்லியான மனிதர், பளபளவென்று பழுப்புச் சப்பாத்து, கக்கத்தில் தோல் பை. டீச்சர் எல்லாவற்றையும் ஏரியின் நடுவிலேயே ஏற்பாடு செய்து வைத்திருந்தார். காய்ந்து கிடந்த ஏரித் தரையில் ஒன்பது பிள்ளைகளும் ஒரு வாரமாகச் சுற்றுவட்டாரத்தையே மாதிரியாகச் செய்து பரப்பியிருந்தார்கள். இடுப்புயரக் கற்குவியல் மலை. ஊசியிலைக் கிளைகளை நட்டு வைத்தது காடு. ஆலைக்கு மரத்தூள் ஒரு வாளி. கோட்டைக்கு நெளிந்த குண்டான். கரடிக்கு லோய்ஸேயின் கம்பளித் தொப்பி, அவரைக் கேட்காமலே.

"ஏரி எங்கம்மா?" என்று வித்மார் கேட்டார்.

நேஷ்கா என்ற ரெட்டைச் சடைக்காரி அவரை மேலும் கீழும் பார்த்தாள். "மிதிச்சிட்டு நிக்கிறீங்க, சார்."

பிள்ளைகள் சிரித்தார்கள். வித்மார் சிரிக்கவில்லை. பையிலிருந்து படிவத்தை எடுத்து ஏதோ குறித்தார். பாடம் ஆரம்பமானது. உர்பான் என்ற பையன் கற்குவியல் மேல் ஏறி மலையில் மழை பெய்தால் தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்று அட்சரம் பிசகாமல் சொன்னான். இன்னொரு பெண் காட்டு மரம் எந்த ஊருக்கு, எந்த வழியாக, எதற்குப் போகிறது என்றாள். வித்மாரின் பேனா வேகமாக ஓடியது. டீச்சருக்கு உள்ளுக்குள்ளே குதியாட்டம். இன்னும் கால் மணி நேரம் இப்படியே போனால் போதும், வகுப்பு தப்பியது.

அப்போதுதான் மேளக்காரன் தட்டினான்.

மேளக்காரன் என்பது வடகரைப் பாறையில் உள்ள ஒரு துளை. பூமிக்கடியில் தண்ணீர் நெருக்கினால் உள்ளேயிருந்து டும் என்று கேட்கும். எங்கள் ஊரில் ஒரு சொட்டு விழவில்லைதான், ஆனால் மலைக்கு அந்தப் பக்கம் இரண்டு நாளாகக் கொட்டித் தீர்த்திருந்தது. டும். ஒன்பது தலையும் ஒரே நேரத்தில் வடக்கே திரும்பின. டீச்சருக்கும் கேட்டது. கேட்டும் அவர் தொண்டையைக் கனைத்தார்.

"அடுத்து கோட்டை. நேஷ்கா, நீ சொல்லு."

டும்.

"டீச்சர், மேளக்காரன்..."

"காத்துடி அது. கோட்டையைச் சொல்லு!"

டும்.

நேஷ்கா சொல்லவில்லை. புத்தகப் பையை எடுத்து மாட்டிக்கொண்டாள். உர்பான் மலையிலிருந்து குதித்தான். ஒன்பது பேரும் இருவர் இருவராகக் கைகோத்து, டீச்சரைத் திரும்பிக்கூடப் பாராமல் கரைப் பக்கம் நடந்தார்கள்.

"ஏய்! எங்க போறீங்க? உக்காருங்க! நேஷ்கா, உக்காருன்னா உக்காரு!" மூன்று தெரு தாண்டிக் கேட்கும் குரல் முழுதாக வெளியே வந்தது. ஒருத்தரும் மசியவில்லை. அதிகாரியின் முன்னால் வகுப்பே எழுந்து போனது. இருபத்தாறு வருடத்தில் இப்படி ஒரு அவமானம் அவருக்கு நேர்ந்ததில்லை. முகம் கொதித்தது, கண் கலங்கியது, அழுகையை அடக்க அவர் கரடித் தொப்பியை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"மாணவர்களுக்கு உங்கமேல பயமில்லை போலிருக்கே" என்று படிவத்தைப் பார்த்தபடி சொன்னார் வித்மார்.

பதில் சொல்வதற்குள் அவருடைய பழுப்புச் சப்பாத்தில் தண்ணீர் ஏறிவிட்டது.

துளைகளுக்கு அவசரம் என்றால் இப்படித்தான். ஏரிக்குள் ஓடும் வாய்க்கால்தான் முதலில் நிரம்பியது, அதைத் தாண்டித்தான் கரைக்குப் போகவேண்டும். பிள்ளைகள் கணுக்கால் நனையாமல் தாண்டியிருந்தார்கள். இவர்கள் இருவரும் திரும்பிப் பார்த்தபோது அது முழங்காலுக்கு மேல் சுழித்துக்கொண்டிருந்தது. புல்வெளியெங்கும் குமிழி. காடு சாய்ந்தது. மரத்தூள் ஆலை மஞ்சளாகப் பரவிப் போனது. கோட்டை மிதந்தது. மிச்சமிருந்தது மலை ஒன்றுதான், இருவரும் அதன்மேல் ஏறினார்கள். இடுப்புயர மலையில் அதிகாரி ஒருவர், கனத்த டீச்சர் ஒருவர். ஒருவர் மூச்சு விட்டால் மற்றவர் சாயவேண்டும்.

"விழுந்துடாதீங்க சார், என்னைப் பிடிச்சுக்குங்க."

"நான் உங்களைப் பிடிக்கிறதா? நீங்க விழுந்தா நானும் சேர்ந்து போயிடுவேனே!"

டீச்சருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. தலைக்கு மேல் வெள்ளம் போனபின் சாண் என்ன, முழம் என்ன? வகுப்பும் போச்சு, மானமும் போச்சு. சிரித்த சிரிப்பில் மலையிலிருந்து இரண்டு கல் உருண்டது. வித்மார் அலறி அவர் தோளைப் பிடித்துக்கொண்டார், பிடித்தவர் தானும் சிரிக்க ஆரம்பித்தார்.

"டீச்சர்," என்றார் மூச்சு வாங்க, "இப்போ பரப்பளவு எவ்வளவு?"

"இப்பவா? கொஞ்சம் பொறுங்க சார், இன்னும் வந்துட்டிருக்கு!"

கரையில் பிள்ளைகள் ஒரு படகைப் புல்லிலிருந்து புரட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் போட்ட கூச்சல் காது போன லோய்ஸேவுக்கே கேட்டு, ஆலையிலிருந்து ஓடிவந்து, துடுப்பை எடுத்துக்கொண்டு கிளம்பினார். கற்குவியலில் இருவரும் கட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்தவர், "ஐயா, அவளை நீங்களே வச்சுக்கிறீங்களா, இல்ல நான் கூட்டிட்டுப் போகவா?" என்றார்.

கரையில் இறங்கியதும் வித்மார் ஈரக் காலுறையோடு நேஷ்கா முன்னால் போய் நின்றார். "டீச்சர் உக்காரச் சொன்னாங்களே, ஏன் கேக்கல?"

நேஷ்கா பயந்துபோய் டீச்சரைப் பார்த்தாள், பிறகு சொல்லியே விட்டாள். "முதல் நாளே டீச்சர் சொல்லிட்டாங்க சார். மேளம் மூணு தடவை கேட்டா யார் சொன்னாலும் நிக்கக் கூடாது. நானே சொன்னாலும் நிக்காதீங்க, நானும் மனுசிதானே, எனக்கும் புத்தி மழுங்கும்னு."

வித்மார் டீச்சர் பக்கம் திரும்பினார். "உங்களுக்கும் கேட்டுச்சு, இல்ல?"

பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. "கேட்டுச்சு சார். பாடம் பாதியில நின்னா வகுப்பைப் பிடுங்கிடுவீங்கன்னு பயந்துட்டேன். பிள்ளைங்கள விட அந்தக் காகிதம் பெருசாப் போச்சு எனக்கு. வெக்கமா இருக்கு."

வித்மார் நனைந்த படிவத்தை முழங்காலில் வைத்து, மை பரவப் பரவ எழுதினார். எழுதியதை உரக்கப் படித்தார். "இந்த வகுப்பு மாணவர்கள் ஆசிரியையின் பேச்சைக் கேட்பதில்லை." டீச்சரின் தலை தாழ்ந்தது. அவர் தொடர்ந்து படித்தார். "அவர் கற்பித்ததைக் கேட்கிறார்கள். மூன்றாம் வகுப்பு இவரிடமே இருக்க வேண்டும்."

பிள்ளைகள் ஓவென்று கத்திக் குதித்ததில் லோய்ஸே படகோடு சறுக்கித் தண்ணீரில் உட்கார்ந்தார். டீச்சர் அழுதார், சிரித்தார், விக்கல் வந்தது. அப்புறம் எல்லோரும் பார்க்க நேஷ்காவின் முன் சேற்றில் மண்டியிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உன்னைப் பார்த்துக் கத்திட்டேன்டி கண்ணு. நீ செஞ்சதுதான் சரி. என்னை மன்னிச்சிடு."

"பரவாயில்ல டீச்சர்" என்றாள் நேஷ்கா. "ஆனா அடுத்த தடவை நீங்களும் எங்ககூட வந்துடணும். உங்கள விட்டுட்டு நடக்கறப்போ எனக்கு ரொம்ப அழுகையா வந்துச்சு."